டிவியில் வந்த பொதுமக்கள்

திருத்தணி மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டிக்குப் பூ வாங்கும்போது ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து வந்து விற்கும் மங்கம்மாவிடம் தினமும் கத்திப் பேரம் பேசுவேன். அவளும் கத்துவாள்.

ஒருநாள் மேடையில் ஒரு தலைவர், ஆந்திராக்காரர்கள் நம் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்று பேசினார். மறுநாள் எங்கள் பேரத்தை யாரோ படம்பிடித்தார்கள். உள்ளூர் டிவியில், 'பூ வியாபாரி மீது பொதுமக்கள் கொதிப்பு' என்று வந்தது.

விடிந்ததும் நாலு பேர் வந்து அவள் கூடையைத் தூக்கினார்கள்.

"உனுக்காவத்தாண்ணா வந்துகீறோம்."

"நான் எங்கடா கோவப்பட்டேன்? வெல கொறைக்கச் சொன்னேன். கூடைய வை."

வைத்துவிட்டுப் போனார்கள். மங்கம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதுக்கெல்லாம் வெல கொறைக்க மாட்டேன் பாவா" என்று தெலுங்கில் மச்சான் முறை வைத்துச் சொன்னாள்.

இப்போது டிவியில் பொதுமக்கள் என்றால், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். அன்றைக்கு நான் ஒருத்தன்தான் நின்றேன்.