கைமாறாத மஞ்சள் கத்தி

வெர்லின் புரூயிட் கையில் ஒரு பொருள் ஒரு வாரம் தங்கிவிட்டால், அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆல்டன் ஊர்க்காரர்கள் விசாரிப்பார்கள். வேட்டை நாயைக் கொடுத்துப் படகு வாங்குவான். படகைக் கொடுத்துப் புல்வெட்டும் டிராக்டர் வாங்குவான். அந்த டிராக்டர் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் வழியிலேயே இரண்டு துப்பாக்கியாகவும் ஒரு கிதாராகவும் மாறியிருக்கும். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். ஒரு கிணற்றில் கயிறு இறக்கும்போதே மனசு அடுத்த கிணற்றுக்குப் போய்விடும். சாப்பிடும்போதுகூட மேசைக்கடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மடக்குக் கத்தி விஷயத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சனிக்கிழமை காலைகளில் கோர்ட்டு முற்றத்து பெஞ்சுகளில் ஆண்கள் உட்கார்ந்து, தேவதாருக் கட்டையைச் சீவித் தள்ளிக்கொண்டே கத்தி மாற்றிக்கொள்வார்கள். புதிதாக ஒரு கத்தி வந்தால் முதலில் வெர்லின் கைக்குத்தான் போகும். நகத்தால் அலகைத் திறந்து காதருகே வைத்துக்கொள்வான். திறக்கும்போது இழுப்பு ஒரே சீராக இருக்கிறதா, முழுதாகத் திறந்ததும் 'டக்' என்று உட்காருகிறதா என்று கேட்பான். "கத்தின்னா நடக்கணும், பேசணும். ஊமைக் கத்தி நமக்கு வேணாம்" என்பான். பிறகு வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதுகு ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்ப்பான். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, அலகடியில் இருக்கும் உலோகப் பூணிலிருந்து எலும்புப் பிடிவரை கட்டைவிரலை ஓட்டுவான். விரல் எந்த இடத்திலும் தடுக்கக் கூடாது.

புதுக் கத்திக்குப் பழசு வேஷம் போட்டுக் கொண்டுவருபவனைக் கண்டால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட கத்தியை பெஞ்சில் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். கொண்டுவந்தவன் அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டான்.

அந்த முற்றத்தில் மூடிய கை மாற்று என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு கத்தியை முஷ்டிக்குள் மறைத்து நீட்டுவார்கள். எதிராளி கையில் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கூடாது. சம்மதம் என்று சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கையைத் திறந்த பிறகு அழக்கூடாது. வெர்லின் அதற்கு ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. மூடிய கை ஒன்றைக் கண்டால் அவன் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

அவன் மனைவி நேடீன் இதையெல்லாம் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டாள். பிப்ரவரி மாதம் ஒருநாள் மளிகைக் கடைக்குள் போய், இரண்டு கையிலும் பையோடு வெளியே வந்தாள். அவர்களுடைய காரைக் காணவில்லை. அந்த இடத்தில் யாருடையதோ பழைய பிக்கப் வண்டி நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு வெர்லின் சிரித்தான்.

"நம்ம கார் எங்க?"

"இதான் இப்ப நம்ம வண்டி. எட்டு சிலிண்டர், நேடீன்! இஞ்சின் சத்தத்தக் கேளேன்."

"என் மழைக்கோட்டு அதுல இருந்துச்சு. லைப்ரரி புஸ்தகம் இருந்துச்சு."

"அட, கேட்டு வாங்கிக்கலாம்."

"நல்லவேளை, நான் கடைக்குள்ள இருந்தேன். கார்ல உக்காந்திருந்தா என்னையும் சேத்துக் குடுத்திருப்ப."

மளிகைப் பைகளோடு அப்படியே பஸ் ஏறி, பக்கத்து ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பையில் ஐஸ்கிரீம் இருந்தது என்பது வெர்லினுக்கு வெகுநேரம் கழித்துத்தான் நினைவு வந்தது.

மார்ச்சில், துணிமணி எடுத்துப்போக வந்தவள் இரும்புக் கடைக்குள் அவனைத் தேடி வந்தாள். அவன் பைப்பு பொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கல்லா ஓரத்து அட்டையில் தொங்கிய கத்திகளில் ஒன்றை உருவிப் பணம் கொடுத்து, அவன் கையில் வைத்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி.

"ஒரு காசு குடு" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா கத்தி குடுத்தா உறவு அறுந்துடும்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ. அறுக்கணும்னா நானே அறுத்துக்குவேன். கத்தி மேல பழி வேணாம். குடு."

ஒரு சென்ட் நாணயம் கொடுத்தான். அதை வாங்கிப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்டோபர்ல சர்ச்சுல சோளப்பாகு காய்ச்சுவாங்கல்ல, அன்னைக்கு வருவேன். இதே கத்தி உன் பையில இருந்தா வீட்டுக்கு வரேன். இல்லேன்னா அக்கா வீட்டோட இருந்துக்கறேன்."

வெர்லின் அலகைத் திறந்து பார்த்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்புறத் தகட்டில் உரசியது. முதுகில் வெளிச்சம் தெரிந்தது. சத்தமே வரவில்லை.

"இதையா? நேடீன், இது கத்தியே இல்ல!"

"அதனாலதான் வாங்கினேன். நல்லதா வாங்கினா ரெண்டே நாள்ல அதை வெச்சு வேற நல்லது புடிச்சிடுவ."

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. மற்ற கத்திகளை இடது பையில் வைத்து வழக்கம்போல மாற்றிக்கொண்டிருந்தான். வலது பையில் மஞ்சள் கத்தி. பேச்சுக்கு நடுவே கை தானாக அங்கே போகும். சுட்டுக்கொண்டதுபோல் வெளியே வரும். வயர் உறை சீவ, சணல் அறுக்க, மதியம் தக்காளி நறுக்க, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுத்தான். சும்மா பையில் கிடந்தால் மாற்றத் தோன்றும், வேலையில் இருந்தால் தோன்றாது என்று அவனுக்கு ஒரு கணக்கு.

ஆனால் கோர்ட்டு முற்றத்தில் அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. ஆப்பிள் தோல் சீவ வேண்டுமென்றால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். யாராவது எட்டிப் பார்த்தால் சட்டென்று மடக்கி உள்ளே போட்டுவிடுவான். பெஞ்சிலேயே மூத்தவரான ஹோபார்ட் சிஸ்க் இதை இரண்டு வாரம் கவனித்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஹோப் மாமா.

"டேய், உன் வலது பையில என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா."

"மாத்திக்கறியா?"

"மாட்டேன்."

பெஞ்சில் சீவுகிற சத்தம் நின்றுபோயிற்று. வெர்லின் புரூயிட் வாயிலிருந்து அந்த வார்த்தையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு கேட்கவா வேண்டும்? யானைத் தந்தப் பிடி என்றான் ஒருவன். உள்நாட்டுச் சண்டைக் காலத்துக் கத்தி, செத்துப்போன கர்னல் ஒருவருடையது என்றான் இன்னொருவன். வெர்லின் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. எடுத்துக் காட்டினால் வதந்தி நின்றுவிடும். காட்டினால் மானம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தான்.

வதந்தி சந்தை சந்தையாகச் சுற்றும் வியாபாரி கிளீட் பர்ஜஸ் காதுக்கும் எட்டியது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவன் வேனை நிறுத்திவிட்டு வந்து, கைக்குட்டையை விரித்தான். உள்ளே ஒரு டாக்டர் கத்தி. அந்தக் காலத்து நாட்டு வைத்தியர்கள் மாத்திரையை நசுக்குவதற்காக அடிப்பாகம் தட்டையாக இருக்கும் ஜாதி. பிடி, பழுத்த எலும்பு நிறம். வெர்லின் வாலிப வயதிலிருந்து தேடிக்கொண்டிருப்பது அதுதான். அவன் கை நீட்டி வாங்கி, திறந்து மூடுவதற்குள் கிளீட் திரும்பப் பிடுங்கிக்கொண்டான்.

"உன் வலது பைக்கு இது. அடுத்த சனிக்கிழமை. மூடிய கை."

"வேற எதை வேணாலும் கேளு, கிளீட். வீட்டுல இருக்கற அத்தனையும் தரேன்."

"நீ அத்தனையும் தரேங்கறப்பவே தெரியுதுய்யா, அந்த ஒண்ணுதான் சரக்குன்னு."

அந்த வாரம் வெர்லின் ஒரு மோட்டாரைக்கூட ஒழுங்காகப் பொருத்தவில்லை. வியாழக்கிழமை இரும்புக் கடைக்குப் போனான். அதே அட்டையில் அதே மாதிரி மஞ்சள் கத்தி இன்னொன்று தொங்கியது. வாங்கி வந்து சமையல் மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பழையதை கிளீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை நேடீனுக்குக் காட்டினால் என்ன? அதற்குக் கொஞ்சம் நிறம் ஏறினால் போதும். ஊறுகாய் ஜாடி வினிகரில் கொஞ்சம் கடுகு கலந்து அலகை முக்கி வைத்தான். எப்படிச் செய்வது என்று அவனுக்குத் தெரியாதா? இப்படி வேஷம் போட்ட கத்திகளைக் கண்டுபிடிப்பவனே அவன்தானே.

எடுத்துத் துடைத்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வினிகர் கறை அலகு முழுவதும் ஒரே சாம்பலாகப் படிந்திருந்தது. பழைய அலகில் முனைப்பக்கம் தக்காளிப் புளிப்பு நீலமாக ஏறியிருந்தது. நடுவே, தோல்வாரில் தீட்டித் தீட்டி வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. நேடீன் அவனோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள். அவளை ஏமாற்ற முடியாது.

ஆனால் கிளீட்டை? மூடிய கையில் யாரும் எதற்கும் சத்தியம் செய்வதில்லையே. சனிக்கிழமை காலை, வினிகரில் போட்டதை இடது பையிலும் மற்றதை வலது பையிலும் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.

ஊரே பெஞ்சைச் சுற்றி நின்றது. இரண்டு முஷ்டிகளும் நீண்டன.

"சம்மதமா?" என்றார் ஹோப் மாமா.

"சம்மதம்."

"சம்மதம்."

மாற்றிக்கொண்டார்கள். வெர்லினின் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் பூணருகே தடுக்கியது. அலகைத் திறந்து காதில் வைத்தான். ஊமை. வேறொரு கத்தியின் அலகு, புது ஆணி. எலும்பின் பழுப்பு தேயிலைச் சாயம். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்ததும் கையில் ஒட்டியது. போன வாரம் இன்னும் ஒரு நிமிஷம் கையில் நிதானமாக வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

எதிரே கிளீட் அலகை மூக்கருகே கொண்டுபோனான்.

"யோவ், இது கத்தியா, ஊறுகாயா?"

"நீ குடுத்தது மட்டும் கத்தியா? டீயில முக்கியில்ல குடுத்திருக்க!"

ஹோப் மாமா பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஒருத்தன் ஊறுகா, ஒருத்தன் டீ. ரொட்டி யாருப்பா கொண்டாந்தது?"

சிரிப்பு அடங்கியதும் கூட்டம் வெர்லினைப் பார்த்தது. ஊரிலேயே பெரிய நோட்டக்காரன், வினிகர்க் கத்தியைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஒளிக்க இனி மானம் என்று ஏதும் பாக்கி இல்லை. வலது பையிலிருந்து மஞ்சள் கத்தியை எடுத்து பெஞ்சில் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை.

"இதுக்காடா இத்தனை மாசம்?" என்றார் ஹோப் மாமா.

"நேடீன் குடுத்தது. அக்டோபர் வரைக்கும் மாத்தக்கூடாதுன்னுட்டா."

பெரியவர் கத்தியை அவன் பக்கம் தள்ளினார். "எடுத்து உள்ள வெய்யி. எவனாவது மாத்தச் சொல்லிக் கேட்டா எங்கிட்டச் சொல்லு." அன்றோடு அவன் பெயர் மட்டும் மாறிப்போயிற்று. இன்றுவரை ஆல்டனில் அவன் ஊறுகாய் வெர்லின்தான்.

சோளப்பாகு காய்ச்சும் நாள் குளிரோடு வந்தது. சர்ச்சுக்குப் பின்னால் பெரிய தட்டைக் கொப்பரையில் சோளத்தண்டு பிழிந்த பச்சைச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. வெர்லின் காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து புல்லைத் தேய்த்துவிட்டான். நேடீன் அக்காவின் காரிலிருந்து இறங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல் கையை நீட்டினாள்.

"எடு."

எடுத்துக் கொடுத்தான். அவள் அலகைத் திறந்து முதலில் மோந்து பார்த்தாள். பிறகு வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், அவன் பிடிப்பதுபோலவே.

"புதுசு வாங்கி வினிகர்ல போட்டியாமே?"

"போட்டேன்."

"எனக்குக் காட்டவா?"

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். முடியல."

"மடக்கு" என்று திறந்தபடியே அவனிடம் கொடுத்தாள்.

மடக்கினான். அலகு தகட்டில் உரசாமல் இருக்க, மூடும்போது கட்டைவிரலால் அதை மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டான். அப்படிச் செய்வது அவனுக்கே தெரியாது. கோணல் கத்தியைத் தினமும் மூடி மூடிக் கைக்கு வந்த பழக்கம் அது. நேடீன் கத்தியைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

பிறகு அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, எதையோ பிடித்து, முஷ்டியை அவன் முன்னால் நீட்டினாள்.

"மாத்திக்கலாமா?"

வெர்லின் அந்தக் கையைப் பார்த்தான். உள்ளங்கை அரித்தது. கால் ஆடியது. கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நெற்றியில் வேர்வை வந்துவிட்டது, அந்தக் குளிரில்.

"மாட்டேன்" என்றான்.

நேடீன் முஷ்டியைத் திறக்காமலே பைக்குள் விட்டுக்கொண்டாள். "வா, பாகு எறக்கப் போறாங்க. தொட்டுக்கற பிஸ்கட் தீந்துடும்" என்று முன்னால் நடந்தாள். சாயங்காலம் அவனோடுதான் வண்டியேறினாள். இஞ்சின் சத்தத்தில் காது கிழிகிறது என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கையில் என்ன இருந்தது என்று வெர்லின் அன்றைக்கே கேட்டான். மறுநாள் கேட்டான். இன்றும் சாப்பாட்டுக்கு நடுவே, மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே கேட்கிறான்.

"அந்த முஷ்டிக்குள்ள என்ன இருந்துச்சு, நேடீன்?"

"அவரைக்காயத் தின்னு" என்கிறாள்.