ரோட்டில் ஒரே ஒரு குச்சி

நெமிலிச்சேரிக்குப் போகும் ரோட்டில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியதில் பாதி ரோடுதான் மிச்சம் இருந்தது. ஒரு பக்கத்து வண்டிகள் போனால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். ஆவடிப் பக்கத்து முனையில் கொடி பிடிப்பது என் வேலை. எதிர் முனையில் இன்னொருவர். நடுவில் ரோடு வளைவதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் செல்போன் பார்த்துக்கொண்டே கொடி காட்டியதில் இரண்டு லாரிகள் வளைவில் நேருக்கு நேர் வந்து நின்றன. அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து சூப்பர்வைசர் தினமும் காலையில் பைக்கில் வந்து எங்கள் போன்களை வாங்கிக்கொண்டு போவார். பதிலுக்கு இரண்டு முனைக்கும் சேர்த்துக் கொடுத்தது ஒரே ஒரு குச்சி. சிவப்பு பெயின்ட் அடித்த பிவிசி பைப் துண்டு.

குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டி விடலாம். கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் அந்த முனையில் ஒப்படைப்பார். பிறகு அவர்கள் முறை. குச்சி இல்லாமல் வண்டி விட்டாலும், இடத்தை விட்டு நகர்ந்தாலும் வேலை கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். இந்த வயதில் சுமை தூக்காத வேலை எனக்கு இன்னொன்று கிடைக்காது.

எனக்கு ஆட்களிடம் பேசக் கூச்சம். அந்த முனைக்காரரை நான் பார்த்ததே இல்லை. குச்சியில் மூக்குப்பொடி வாசம் வரும். அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

தினமும் ஸ்கூட்டரில் ஒரு மேடம் வருவார். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். ஒருநாள் வரிசையில் முதலாவதாக மாட்டிக்கொண்டு, குச்சி கைமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டு நோட்டை எடுத்தார்.

"அண்ணா, இதைத்தான் பத்து நாளா பசங்களுக்குப் புரிய வைக்கப் பார்க்கறேன்."

கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்குமாம். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளுமா என்று முன்கூட்டியே படம் போட்டுப் பார்ப்பார்களாம். நோட்டில் வளையமாக நான்கு வட்டம் போட்டார். என் கை, போகிற ரோடு, அவர் கை, வருகிற ரோடு. வட்டத்துக்கு வட்டம் அம்பு. கீழே கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்து முதல் வட்டத்தில் வைத்தார்.

"கல்லு ஒண்ணே ஒண்ணு. எப்பவும் ஏதாவது ஒரு வட்டத்துலதான் இருக்கும். அப்ப ரெண்டு பக்கத்து வண்டியும் நடுவுல முட்டாதுன்னு ரோட்டைப் பார்க்காமலே சொல்லிடலாம்."

அந்தப் படத்துக்கு ஒரு பேர் சொன்னார். என் நாக்கில் நிற்கவில்லை. ஆனால் 'ரோட்டைப் பார்க்காமலே' என்றது என்னை விடவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கத்தை நான் நினைக்காத நாளில்லை. அதை நான்கு வட்டத்தில் பார்த்துவிட முடியுமா? அன்று முழுக்க சட்டைப் பையில் ஜல்லி ஒன்றைப் போட்டுக்கொண்டு மனதுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானாகவே கேட்டேன்.

"மேடம், கல்லு கீழ விழுந்துட்டா?"

அவர் வண்டியை அணைத்தார். "அப்பவும் யாரும் முட்ட மாட்டாங்க அண்ணா. ஆனா யாரும் போகவும் மாட்டாங்க. கெட்டது நடக்காதுங்கறது வேற, நல்லது நடக்குங்கறது வேற."

"வேற கல்லு வெச்சிக்கினா?"

"விழுந்தது திரும்பி வந்துட்டா?"

அதற்குள் குச்சி வந்துவிட்டது. அவர் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, கடைசியாக பைக்கில் போனவரிடம் குச்சியைக் கொடுத்தேன். அதன்பின் எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை. என் பக்கம் வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது.

"இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி லீவா?" என்றார் ஷேர் ஆட்டோக்காரர்.

"குச்சி வர்ல."

"அது இன்னா பெருமாள் கோயில் தேரா, வந்தாதான் நகர்றதுக்கு? தோ, பைப்பு கெடக்குது பார். ஒண்ணு ஒடச்சிக்க."

"பெயின்ட்டு நான் வாங்கித் தரேன் மாமே," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

காலடியில் பைப் துண்டுகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தும் விட்டேன். அந்த முனையிலும் இதே துண்டுகள் கிடக்கும். அங்கேயும் ஒருவர் இதையே சொல்லியிருப்பார். அவர் ஒன்று, நான் ஒன்று, தொலைந்தது ஒன்று. துண்டைக் கீழே போட்டேன். ஆனால் நின்றுகொண்டே இருந்தால் சாயங்காலம் வரை இப்படியே நிற்க வேண்டியதுதான். ரோட்டுக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று நடந்தேன்.

வளைவில் எதிரே ஒருவர் வந்தார். கிட்டே வந்ததும் மூக்குப்பொடி வாசம். அவர் கையும் காலி.

"நீ ஒடிக்கலையா?" என்றார்.

"எடுத்தேன். வெச்சிட்டேன்."

"நானும்தான். உங்கையிலயும் ஒண்ணு இருந்துட்டா?"

அங்கே ஒரு சந்து உண்டு. அதன் முன்னால் பள்ளம் இருந்ததால் யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. அன்று காலையில் சந்தில் குடியிருப்பவர்கள் பள்ளத்தின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். அதன் வழியாக என் பைக்காரர் வெளியே வந்தார், கையில் சிவப்புக் குச்சியோடு.

"சாரி நைனா. ஊட்டாண்ட போய் எறங்கும்போதுதான் பாத்தேன், குச்சி கையிலயே கீது."

வண்டிகள் நிற்பதைக் கேள்விப்பட்டு சூப்பர்வைசரும் வந்துவிட்டார். "எவன் மொதல்ல எடத்தை வுட்டது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தெரியாது சார்," என்றேன். "நான் கெளம்பினது அவருக்குத் தெரியாது, அவர் கெளம்பினது எனக்குத் தெரியாது." பேச ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "ஆளுக்கு ஒண்ணு ஒடிச்சிருந்தா இப்ப ரோட்டுல மூணு குச்சி சார்."

அவர் பைக்காரர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். எங்கள் காலிக் கைகளைப் பார்த்தார். 

"மொதல்ல அந்தப் பலகையை எடுங்க. அப்புறம் போய் நில்லுங்க."

மறுநாள் மேடமிடம் சொன்னேன். அவர் பழைய படத்தை எடுத்து, சந்துக்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டார். உள்ளே போக மட்டும் அம்பு.

"இனிமே குச்சி வரலைன்னா?"

"நான் மட்டும் நடப்பேன். அவரு நிப்பாரு. வளைவுலயே பேசிக்கினோம்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தாதான் சிக்கல். கரெக்ட்டா பிரிச்சிட்டீங்க. ஆனா ஏன் நீங்க நடக்கறீங்க?"

"அவருக்கு முட்டி வலி மேடம்."

அவர் சிரிக்காமல் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.