மூடியைக் கழற்றச் சொன்ன முதலாளி

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் நாங்கள் நான்கு பேர் லோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் வாங்க முதலாளி என்னைத்தான் சேலத்துக்கு அனுப்பினார். அஸ்தம்பட்டியில் ஒரு கடையில், பிற்பாடு பாகங்கள் சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்ள இடமுள்ளதாகப் பார்த்து எடுத்தேன். கடைக்காரர் சொன்னதெல்லாம் புரிந்தது என்றால் அது பொய்.

பெட்டி வந்து இறங்கியதும், பழைய லாரிக்கு பானெட்டைத் திறந்து பார்ப்பதுபோல, மூடியைக் கழற்றச் சொன்னார் முதலாளி. உள்ளே பாதி இடம் காலி.

"ஏப்பா, பார்ட்ஸக் கழட்டிக்கிட்டுக் குடுத்துட்டானாட்டம் இருக்குது?"

வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

"இல்லீங்க. லாரிக்குச் சேசிஸ் மட்டும் வாங்கிப் பொறவு பாடி கட்டறோமில்லீங்க, அப்பிடித்தானுங்க. வேணுங்கறப்ப அந்த எடத்துல சேத்திக்கலாமுங்க."

"சேத்துனா?"

தப்பித்தால் போதுமென்று உளறினேன். "நாலு ஆளு வேலைய இது ஒண்ணே பாத்துக்குமுங்க."

முதலாளியின் முகம் தெளிந்தது. மெதுவாகத் திரும்பி, எங்கள் நான்கு மேசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நான் மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கினேன். மற்ற மூன்று பேரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.