சொட்டு மாமா திறந்த வால்வு

குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் சொட்டு மாமா. பிறகு கையை எடுத்து மோந்து பார்த்தார். "கடல் தண்ணி இல்ல. வெறும் குழாய் வேர்வைதான்" என்றார், பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவர் மாதிரி. இந்தப் பழைய சரக்குக் கப்பலின் எஞ்சின் அறைக்குள் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் இது. இன்றைக்கும் செய்தார் பாருங்கள், அதுதான் வேடிக்கை. இன்று பிற்பகல் இதே கப்பலை அவர் கையாலேயே மூழ்கடிக்க வேண்டும்.

எதிரிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. துறைமுக வாய் குறுகலானது. அதில் இந்தக் கிழட்டுக் கப்பலைக் குறுக்கே நிறுத்தி அமிழ்த்திவிட்டால் எந்தப் போர்க்கப்பலும் உள்ளே நுழைய முடியாது. கடற்படையின் ஏற்பாடு அது. கப்பலின் அடியிலுள்ள வால்வைத் திறந்து கடலை உள்ளே விடவேண்டியவர் எஞ்சின் டிரைவரான இவர். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைக்கவே மாட்டார். எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் இவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூட ஸ்பேனரோடு போய்க் கதவைத் தட்டுவார். பெயர் அப்படி வந்ததுதான். கல்யாணமான மறுநாளே மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வாஷர் மாற்றியவர். "அன்னிக்கு என்னைப் பாத்ததவிட அந்தத் தொட்டியத்தான் அதிகமா பாத்தாரு" என்பாள் மனைவி.

அந்த மனைவி இன்று சிரிக்கவில்லை. அவள் தம்பி விசைப்படகு ஓட்டுபவன். வெளியே கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட ஆட்களை ஏற்றிவரக் காலையில் போனவன் இன்னும் திரும்பவில்லை. துறைமுக வாய் அடைபட்டால் அவன் வெளியில்தான், எதிரியின் பீரங்கிக்கு நேரே. "என் தம்பி உள்ள வராம நீங்க எதையாவது தொறந்தீங்க, அவ்வளவுதான் சொல்லிட்டேன்" என்று இவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சரிம்மா" என்றார் இவர். வேறென்ன சொல்வார், பாவம்.

கப்பல் குறுக்கே நின்று, முன்னும் பின்னும் நங்கூரம் இறங்கியாயிற்று. படகு கண்ணில் படவில்லை.

"மச்சினன் வெளில இருக்கான் சார். கொஞ்சம் பொறுக்கலாமா?"

கடற்படை அதிகாரி தலையை ஆட்டினார். "நீரோட்டம் திரும்பினா கப்பல் நகர்ந்துடும். ஓரத்துல வழி விழுந்துடும். தொறங்க."

திறந்தார். தண்ணீர் கால்விரலை நனைத்து, கணுக்காலுக்கு ஏறியது. மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். இவர் மட்டும் அதைப் பார்த்தபடியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி தடதடவென்று படியிறங்கி வந்தார். "கப்பல் ஏன்யா இன்னும் இறங்கல?"

அவர் கேட்ட பிறகுதான் சொட்டு மாமாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த கடலை அது மும்முரமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவருடைய கை பம்பின் சுவிட்ச் மேல் இருந்தது.

"மச்சினனுக்காகத்தானே? உண்மையச் சொல்லுய்யா!" அதிகாரியின் விரல்கள் இடுப்புத் துப்பாக்கிக்குப் போயின.

"சத்தியமா தெரியல சார். தண்ணி ஏறினா கை தானா அங்க போயிடும். இத்தனை வருஷமா இந்தக் கை வேற என்னத்தச் செஞ்சுது?"

பழக்கமா, பாசமா என்று அவருக்கே தெரியவில்லை, அதுதான் கொடுமை. துப்பாக்கியைப் பார்த்தார். கணுக்காலிலேயே நின்றுவிட்ட தண்ணீரைப் பார்த்தார். ஊருக்குள் இருக்கிற குழந்தை குட்டிகளை நினைத்தாரோ என்னவோ, பம்பை அவரே நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

எல்லோரும் பக்கத்தில் காத்திருந்த காவல் படகில் இறங்கி, துறைமுகத்தின் உள்பக்கமாக ஒரு தாவு தூரம் ஒதுங்கினார்கள். கப்பல் மெதுவாக இறங்கித் தரைதட்டியது. மேல்தளம் மட்டும் நீருக்கு மேலே சாய்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்! வெளிப்பக்கத்திலிருந்து விசைப்படகின் இரைச்சல் கேட்டது.

"மாமா! வழி விடுங்க மாமா!"

"யாரும் கிட்டப் போகாதீங்க, கப்பல் எந்த நிமிஷமும் புரளும்!" என்று கத்தினார் அதிகாரி. அதற்குள் சொட்டு மாமா காவல் படகிலிருந்து கப்பலின் தளத்துக்குத் தாவியிருந்தார். வழுக்கி விழுந்தார், எழுந்தார், பிறகு வெட்கப்படாமல் நாலுகாலில் தவழ்ந்தே மறுபக்கம் போய்ச் சேர்ந்தார்.

"டேய் மாப்ள! படகு போனா போவுது, விடு! ஆளுங்கள இப்படி ஏத்து!"

தளம் முனகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவர் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் குப்புறப் படுத்து, இடது கையால் கம்பியை இறுக்கிக்கொண்டு, வலது கையைக் கீழே, விசைப்படகிலிருந்த முதல் ஆளை நோக்கி நீட்டினார்.