மூன்று சீட் போட முடியாத கார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அடுக்குமாடி பிளட் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் கார்கள் நிற்கும் இடத்தில், எங்கள் சின்னக் காரின் பின் கதவுக்குள் தலையை விட்டு, மிச்சத்தை வெளியே நீட்டிக்கொண்டு, பிள்ளைகளை இருத்துகிற கார் சீட் ஒன்றோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணுக்குள் போய் எரிந்தது. பிளட்டின் காவலாளி ஐயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மிஸ், பஸ் எகக் கன்ன" என்றார். பஸ் ஒன்று வாங்குங்கள் என்று சிங்களத்தில் நக்கல். இருந்த நிலைமைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது.

இந்தச் சீட் விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்ல வேண்டும். நான் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கிறேன். விபத்து என்று கொண்டு வருகிற பிள்ளைகளைப் படுக்க வைத்துப் படம் பிடிப்பது நாங்கள்தான். "மடியிலதான் வச்சிருந்தனான் மிஸ், இறுக்கித்தான் பிடிச்சிருந்தனான்" என்று தாய்மார் அழுவதைக் கேட்டுக் கேட்டு, எனக்குப் பிள்ளை பிறந்த உடனேயே வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டேன். என் காரில் பிள்ளைகள் ஏறினால் சீட்டில்தான், பெல்ட் போட்டுத்தான். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பகிடி. எங்களோடு இருக்கும் மாமி, அதாவது என் கணவரின் தாய், "நாங்கள் எட்டுப் பேர் ஒரு காரில கதிர்காமம் போய் வந்தனாங்கள், ஒருத்தரும் செத்துப்போகேல்லை" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. என் கணவரின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய இரண்டு சீட்டுகள் சிம்மாசனம் மாதிரிப் பின் இருக்கை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு மரக்கறிப் பை வைக்கலாம், அவ்வளவுதான். அந்த மரக்கறிப் பை வைக்கிற இடத்தில்தான் நான் மூன்றாவது சீட் ஒன்றைப் போடப் பார்த்தேன்.

அது என் தங்கச்சியின் மகளுக்கு.

தங்கச்சி கொட்டாஞ்சேனையில் ஒருவரைக் காதலித்துக் கட்டினாள். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அதைவிட, "எங்கட ஆக்கள் இல்லை." அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. என் கணவர் வீட்டில் அவளைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எனக்கு ஒரு கூடப்பிறந்தவள் இருப்பதே தெரியாத மாதிரி நடந்துகொள்வார்கள். வேலை முடிந்த கையோடு நான் தனியாகத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போய் வருவேன். அவள் சமைத்து வைத்திருப்பாள். அவளுடைய கணவர் கப்பலில் வேலை. ஊரில் நிற்கும் நாட்களில் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று நண்டு வாங்கி வருவார். அவரில் ஒரு குறையும் நான் கண்டதில்லை.

தங்கச்சி காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு. ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனை பேருக்குப் படம் பிடிக்கிற நான், என் தங்கச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன்.

அவளுடைய கணவர் கப்பலிலிருந்து அடக்கத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பி வந்து, அவர் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் இருந்தார். பிள்ளைக்கு இரண்டரை வயது. அவருடைய தாய் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அக்கம்பக்கத்துச் சனம்தான் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ரெண்டு வருஷம் மட்டும் இவளப் பாத்துக்கங்க. இந்த ஒப்பந்தம் முடிய நான் கப்பல விட்டுட்டு வந்துருவன்" என்றார். சொல்லும்போதே அழுதார்.

எங்கள் வழக்கத்தில் தங்கையின் மகள் எனக்குப் பெறாமகள். கேட்டுத்தான் தர வேண்டுமா? "ஓம் தம்பி, அவள் என்ர பிள்ளைதானே" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். "பாப்பம்" என்றார். மாமி மட்டும் பிளேட்டைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளைக்கு அதின்ர ஆக்கள் இருக்கினம்தானே" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் அவர் ஒரு காரணம் சொன்னார்.

"என்னப்பா, நீர் யோசிச்சுப் பாத்தனீரே? விடிய எல்லாரையும் ஏத்திக்கொண்டு போறது நான். உம்மட சட்டப்படி பிள்ளையள் சீட்டிலதான் இருக்கவேணும். எங்கட காரில மூண்டு சீட் போடேலாது. இப்ப விக்கிற விலைக்குப் பெரிய கார் வாங்கவும் ஏலாது. பிறகு அந்தப் பிள்ளையை என்னெண்டு கொண்டு போறது?"

நியாயமான கேள்வி. காலையில் பிள்ளைகளை டேகெயாரில் விட்டு, என்னைப் பொரளையில் மருத்துவமனையில் இறக்கி, அவர் கொள்ளுப்பிட்டியில் உள்ள தன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெறாமகளை மட்டும் மடியில் வைத்துக் கொண்டுபோக எனக்கு மனம் வராது என்று அவருக்குத் தெரியும். நான் போட்ட சட்டத்தையே எடுத்து என் முன்னால் வைத்தார். ஆனால் எனக்கு அது உள்ளூரச் சந்தோசம். பிரச்சினை சீட்தான் என்றால் அதைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

தையல் அளவு நாடாவோடு கீழே போனேன். பின் இருக்கையை மேலே அளந்தேன், கீழே அளந்தேன், கதவைச் சாத்தி அளந்தேன். எங்கள் காரில் நடு இடத்துக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பெல்ட் இல்லை. அதற்கும் சரிவருகிற ஒடுக்கமான சீட் வேண்டும். எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் பிள்ளைச் சாமான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். கடைப் பெட்டைகள், "மிஸ், வடிவான கலர் இருக்கு" என்று காட்டுவார்கள். நான் நாடாவை எடுத்து அகலத்தை அளப்பேன். ஒரு கடையில் என்னைக் கண்டவுடனேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இடுப்பு பெல்ட்டில் போடக்கூடிய ஒடுக்கமான சீட் ஒன்றை அங்கேதான் வாங்கினேன். மகளுக்கும் அந்தச் சிம்மாசனத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய சீட் வேண்டும். எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி, தன் மகன் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த சீட்டைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு நாளும் அடிபடாத சீட் என்று சத்தியம் பண்ணித்தான் தந்தாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கச்சியின் கணவர் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்று சீட்டையும் ஓரத்திலிருந்து வரிசையாக வைத்தால் மூன்றாவதுக்குக் கதவு சாத்தாது. நடுச் சீட்டைக் கடைசியாகச் செருகினால் பெல்ட் பக்கிளுக்குக் கை போகாது. எத்தனை தரம் கழற்றிப் பூட்டினேன் என்று தெரியாது. நகம் ஒன்று உடைந்து இரத்தம் வந்தது. பிறகுதான் பிடிபட்டது. முதலில் நடுச் சீட். அதில் முழங்காலை ஊன்றி, என் பாரம் முழுவதையும் போட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். அடுத்தது மகனுடைய பழைய சீட்; அது பின்பக்கம் பார்த்து வைக்கிற சீட். ஒடுங்கிய கட்டிலில் ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலுமாகப் படுப்போமே, அந்த மாதிரி அதன் அகன்ற பக்கம் நடுச் சீட்டின் ஒடுங்கிய பக்கத்தோடு பொருந்திவிட்டது. கடைசியில் மகளுடையது. பக்கிள் 'டிக்' என்று பூட்டுகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினேன். சாத்துப்பட்டது!

காவலாளி ஐயா கை தட்டினார். நான் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். அழுகையும் வந்தது. தங்கச்சிக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போன கையால் இதையாவது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் கணவர் வீட்டில் கட்டுகிற சாரத்தோடு இறங்கி வந்தார். மூன்று சீட்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கதவைத் திறந்தார், சாத்தினார்.

"முன் சீட்டைக் கனக்க முன்னுக்குத் தள்ளியிருக்கு. கால் இடிக்கும்."

"அதில நான்தானே இருக்கிறது. நான் கட்டைதானே, கால் இடிக்காது."

"அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால்?"

"மாமி முன்னுக்கு இருக்கட்டும். நான் பஸ்ஸில வாறன்."

அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

"குறை நினையாதையும். நாளைக்கு எங்கட பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க, வீட்டில நிக்கிற மற்றப் பிள்ளை ஆர், தகப்பன் ஆர், என்ன ஆக்கள் எண்டு கேப்பினம். அப்ப நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

எங்கள் பிள்ளை அப்போது மேலே பால் போத்தலோடு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் சம்பந்தம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்று கண்டபிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கு ஒரு நாளும் காரில் இடம் பிரச்சினையாக இருந்ததில்லை. நான் கடை கடையாக நாடாவோடு திரிந்ததை எல்லாம், இவள் களைத்துப்போய் விட்டுவிடுவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் சண்டை பிடிக்காமல் விடவில்லை. சாப்பிடாமல் கிடந்தேன், கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அப்பாவிடம் போனேன். சொந்தப் பேத்தி. "அவர் சொல்லுறதிலயும் ஒரு ஞாயம் இருக்குப் பிள்ளை" என்றார் அப்பா. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏன் பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் வேலைக்குப் போகிறவள். தன்னை வேண்டாம் என்கிற ஒரு வீட்டில் தாயில்லாப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது.

தங்கச்சியின் கணவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. என்ன சொல்வது? "தம்பி, இப்ப எங்களுக்குக் கொஞ்சம் வசதிக்குறைவு" என்று பொய் சொன்னேன். "பரவாயில்லக்கா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மன்னாரிலிருந்து அவருடைய அக்கா பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். பஸ் ஏற்றிவிடவாவது நான் வருகிறேன் என்று, என் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, நானே காரை ஓட்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தங்கச்சியின் கணவர் சாமான்களோடு ஓட்டோவில் முன்னால் போனார். அவருடைய அக்கா என் பக்கத்தில், முழங்கால் இடிக்க இருந்தார். பின்னால் மூன்று பிள்ளைகளும் மூன்று சீட்டில். நடுச் சீட்டிலேயே தைத்திருக்கிற தோள் வாரைப் பெறாமகளின் உயரத்துக்கு முதல் நாளே இறக்கி வைத்திருந்தேன்.

"பெரியம்மா, இது என்ர சீட்டா?" என்று கேட்டாள்.

"ஓம் செல்லம், உம்மட சீட்தான்."

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை பஸ் நிலையம் எவ்வளவு தூரம்? நெரிசலில் நத்தை மாதிரி ஊர்ந்தும் வந்துவிட்டது. போகிற வழியில் அந்த அக்காவிடம், உங்களுக்கே நாலு பிள்ளைகள், எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "நாலு பேர் படுக்கிற பாயில அஞ்சாவது ஆள் படுக்க ஏலாதா?" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரணப் பேச்சு.

பஸ்ஸில் பெறாமகள் அந்த அக்காவின் மடியில்தான் இருந்தாள். இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பேசாமல் இறங்கிவிட்டேன். எந்த முகத்தோடு சொல்ல?

இப்போது பெறாமகளோடு போனில் கதைக்கிறோம். தகப்பனின் ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அங்கே சந்தோசமாக இருக்கிறாள். முதலில் பெரியம்மா என்றாள்; இப்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து 'கொழும்பு அன்ரி' என்கிறாள்.

இந்த வருடம் என் கணவரின் தம்பி குடும்பம் லண்டனிலிருந்து வந்தது. அவர்களுக்கு ஒரு சின்னப் பையன். அவனை எப்படிக் காரில் கொண்டு திரிவது என்று அவர்கள் போனில் கேட்டபோது, என் கணவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. "ஒண்டும் யோசியாதை. எங்கட காரில மூண்டு சீட் வடிவாப் போடலாம். முதல் நடுச் சீட்டைப் போடவேணும், அதுதான் சூட்சுமம்." பெறாமகளின் உயரத்திலேயே விட்டிருந்த தோள் வாரை அந்தப் பையனுக்காக உயர்த்தித் தரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவரே போய் உயர்த்தினார்.

இப்போது யாராவது என்னிடம் இடமில்லை என்று சொன்னால், நான் அளவு நாடாவைத் தேடுவதில்லை, சொல்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும்.