வெள்ளை எழுத்தில் ஒளிந்த நாத்தனார்

என் சித்தி அச்சகத்தில் பக்கம் அமைக்கிறார். வேர்டில் தட்டச்சு செய்த கோப்பைப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றும்போது ஏதாவது கோளாறு வந்தால், காரணம் தெரியாமல் அவர் நகரமாட்டார்.

அன்று மாலை ஒரு தையல்காரம்மா எழுதிய, சட்டை வெட்டும் முறை பற்றிய புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அமைத்து முடித்த பக்கங்களில், கைப்பகுதிப் பாடத்தின் நடுவே சித்தி ஒரு வரியைக் கண்டார்: 'எதைத் தைத்துக் கொடுத்தாலும் என் நாத்தனார் குறைதான் சொல்வாள்.' வேர்டு கோப்பில் அந்த இடம் காலியாக இருந்தது.

"நேரமாச்சும்மா, அந்த வரியைத் தூக்கிட்டு அனுப்பு" என்றார் முதலாளி.

"ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனை இருக்கோ?"

சித்தி வேர்டில் அந்தக் காலி இடத்தின் மேல் மவுஸை இழுத்தார். எழுத்துகள் தெரிந்தன. எல்லாம் வெள்ளை நிறம். ஏற்றும்போது எல்லா எழுத்தையும் கறுப்பாக்குவது சித்தியின் வழக்கம். அதில் இவையும் வெளியே வந்துவிட்டன.

உடனே தையல்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஐயையோ! கோபத்துல எழுதினேன், அழிக்க மனசு வரலை. வெள்ளையாக்கிட்டா போச்சுன்னு நினைச்சேன். முதல் பிரதியே நாத்தனாருக்குத்தாங்க!"

சித்தி வெள்ளை எழுத்தை மட்டும் தேடினார். பதினோரு இடங்கள். அத்தனையையும் நீக்கியபின்தான் புத்தகம் அச்சுக்குப் போனது.

நீக்கிய வரிகளைத் தனிக் கோப்பாக்கித் தையல்காரம்மாவுக்கே அனுப்பினார்.

"எதுக்கு சித்தி?" என்றேன்.

"அழிக்க மனசு வரலைன்னாங்களே. பாவம், வச்சிருக்கட்டும்."