அப்பா வாசித்த இடம்

டுசல்டோர்ஃப் தெருவிழாவில் பீற்றரின் இசைக்குழு அந்தப் பழைய ஆங்கில ராக் பாட்டைத் தொடங்கியது. "முப்பது கோடையாக இதை வாசிக்கிறோம். ஒருமுறை வாசித்ததுபோல் மறுமுறை வாசித்ததில்லை" என்று பீற்றர் ஜெர்மன் மொழியில் பெருமைப்பட்டார். பாட்டின் நடுவே கிற்றார் நாதஸ்வரம்போல் வளைந்து இழுத்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இழுப்பு என் அப்பாவுடையது.

அப்பா அந்த இசைக்குழுவில் கிற்றார் வாசித்த காலத்தில் எனக்கு எட்டு வயது. சனிக்கிழமை மத்தியானங்களில், உணவகத்தில் கோப்பை கழுவிய சவர்க்கார மணம் போகாத விரல்களோடு, அப்பா என்னையும் பீற்றர் வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கூட்டிப்போவார். ஈரக் கம்பளமும் பியரும் மணக்கும் அந்த அறையில்தான், கோயில் திருவிழாவில் கேட்ட நாதஸ்வர இழுப்பை அவர் அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வாரத்துக்கு வாரம் பாட்டில் அந்த இடம் நீண்டது.

இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவை ஒரு வேலைநாளில் வைத்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய இடத்தை இன்னொருவர் வாசித்தார். தட்டின் அட்டையில் அப்பாவின் பெயர் இல்லை.

"போய்க் கேளுங்கோவன்" என்றார் அம்மா.

"என்னெண்டு கேக்கிறது? அந்தப் பாட்டே அவங்கடை இல்லை, ஆற்றையோ பாட்டு. அதுக்குள்ளை என்ரை எண்டு என்னத்தைக் காட்டுறது?"

அதன்பின் அப்பா அங்கே போகவில்லை. கிற்றாரையும் தொடவில்லை.

இன்று அவரைத் தொலைபேசியில் அழைத்து, அதை மேடைப் பக்கம் நீட்டினேன். பாட்டு முடியும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

"கேட்டதோ அப்பா?"

"ஓம் பிள்ளை. தட்டிலை வாசிச்ச மாதிரியே முதல் இழுப்பை அவன் இன்னும் பிழையாத்தான் வாசிக்கிறான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.